மாவிலைப் பச்சை

எமிலியிடம் உதவி கேட்டுப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்கள் மட்டக்களப்புக் கல்லடியில் கிடையாது. ஆனால் உதவி செய்கிறேன் என்று போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் தாராளமாக இருக்கிறார்கள். நம் பக்கத்தில் ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஒரு புத்தகப் பை கொடுப்பதென்றால் முதலில் பதாகை அடிக்க வேண்டும். அதில் தலைவர், செயலாளர், பொருளாளர், லண்டனில் இருக்கும் அனுசரணையாளர் என்று எல்லாருடைய முகமும் இருக்கும். பதாகைக்குக் கீழே அந்தப் பிள்ளையை நிறுத்தி, பையின் ஒரு பக்கத்தை அதன் கையிலும் மறு பக்கத்தைத் தங்கள் கையிலுமாகப் பிடித்துக்கொண்டு, ஏழெட்டுப் பேர் கமெராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். படம் சரிவரவில்லையென்றால் பையைத் திருப்பி வாங்கி இன்னொரு தடவை கொடுப்பார்கள். எமிலிக்கு இதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

“குடுக்கிற கையும் வாங்கிற முகமும் ஒரு படத்துல வரப்படா,” என்பது அவள் கட்டளை. அவளுடைய சின்னச் சங்கத்துக்கு யாப்பு, சட்டதிட்டம் என்று இருந்ததே அந்த ஒரு வரிதான். அந்த நல்ல கட்டளையே ஒரு மாரிகாலத்தில் அவளைக் கவிழ்க்கப் பார்த்தது.

எமிலி தையல்காரி. கல்லடிப் பாலத்தைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் திரும்பும் ஒழுங்கையில் வீடு, முன்னறையில் மூன்று மெஷின். ஐம்பதை நெருங்கும் வயது. யாரைக் கண்டாலும் முகத்துக்கு முன் தோள் அகலத்தைப் பார்க்கும் கண். வருஷக் கடைசியில் அவளோடு நின்று பேச முடியாது. தை பிறந்து பள்ளிக்கூடம் தொடங்குவதற்குள் பாதி ஊருக்கு வெள்ளைச் சட்டை தைத்தாக வேண்டும். புருஷன் ஹெக்டர் வாவியில் ஓடும் தோணிகளின் எஞ்சின் திருத்துகிறவர். தான் பகல் முழுக்க எஞ்சினோடு சண்டை பிடித்துவிட்டு வருவதாகவும், அவள் ஊரோடு சண்டை பிடித்துவிட்டு வருவதாகவும், வீட்டுக்கு வரும்போது இரண்டு பேருக்கும் களைப்பு என்பதால் குடும்பம் சமாதானமாக ஓடுகிறது என்றும் அவர் சொல்லிக்கொள்வார்.

அவளுக்கு எட்டு வயதாக இருக்கும்போது, ஊர் குழம்பிக் கிடந்த நாளில், வலை வீசப் போன அப்பா திரும்பி வரவில்லை. அடுத்த மாரிக்குள் அம்மாவும் காய்ச்சலில் போய்விட்டாள். மிச்சக் காலமெல்லாம் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு விடுதியில்தான் வளர்ந்தாள். அங்கே அவளுக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தவள் டினுஷா. வந்தபோது மூக்கைச் சிந்தவும் தெரியாத சிறுமி. எமிலிதான் பேன் பார்த்து, சடை பின்னி, பல் துலக்கப் பழக்கி, தேவைப்பட்டபோது முதுகில் இரண்டு போட்டும் அவளை ஆளாக்கினாள். பெரியவளானதும் எமிலி தையல் பழகிக் கலியாணம் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள், டினுஷா கன்னியாஸ்திரியாகிச் சாம்பியாவுக்குப் போனாள். ஊரெல்லாம் டினுஷாவைச் சிஸ்டர் என்று கையெடுத்துக் கும்பிட, எமிலி மட்டும் இன்னும் “எடியே” என்றுதான் கூப்பிடுகிறாள்.

சாம்பியாவின் ஒரு சின்ன ஊரில் டினுஷா பார்ப்பதும் தாய் தகப்பன் இல்லாத பெண் பிள்ளைகளுக்கான விடுதிதான். லீவில் வந்தபோது ஒரு நாள் அந்தப் பிள்ளைகளின் கதையைச் சொன்னாள். கெட்டிக்காரிகள், ஆனால் கொப்பி இல்லை, பேனை இல்லை, சோதனைக்குக் கட்டப் பணம் இல்லை. அந்தக் கிழமையே எமிலி ஒழுங்கைப் பெண்களைக் கூட்டிவிட்டாள். மீன் வாடியில் வேலை செய்கிறவர்கள், ஆசுப்பத்திரித் தாதி ஒருத்தி, மூலையில் இருக்கும் பேக்கரியின் சொந்தக்காரி கேதீஸ்வரி என்று எல்லாரும் வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் எமிலியின் முன்னறையில் கூடினார்கள். அவரவரால் முடிந்ததைப் போட்டு, கன்னியர் மடத்தின் வழியாக அனுப்பத் தொடங்கினார்கள். தலைவர் இல்லை, முத்திரை இல்லை, பதாகை இல்லவே இல்லை. ஊர் அதற்கு ஆபிரிக்கச் சங்கம் என்று பெயர் வைத்து எமிலியை ஆபிரிக்கா அன்ரி ஆக்கிவிட்டது.

ஊரின் பெரிய சங்கத் தலைவர் உதயரூபன் ஒரு நாள் மெஷினடிக்கே வந்து கேட்டார். நல்ல மனுசன்தான், பத்துப் பேருக்கு நடுவில் நின்று கேட்டுப் பழகியதால் குரல் மட்டும் கொஞ்சம் பெரிசு. நம் ஊரில் அநாதைப் பிள்ளைகள் இல்லையா, கடல் கடந்துதான் தேட வேண்டுமா என்றார். எமிலி மெஷினை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

“கேட்டது டினுஷா. அவள் நிலாவில இரிந்து கேட்டாலும் நான் தைச்சு அனுப்புவன். ஊரப் பார்க்கத்தான் நீங்க இரிக்கீங்களே தம்பி, பதாகையோட.”

உண்மையில் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அவள் சும்மா தைத்துக் கொடுப்பது உண்டு. அதைச் சொல்லித் தப்பிக்க அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

போன வருஷம் மழை தொடங்குவதற்கு முன்னால் டினுஷா தொலைபேசியில் ஒரு விஷயம் சொன்னாள். விடுதிக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு யூனிபோம் இல்லை. யூனிபோம் இல்லாவிட்டாலும் பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளும், ஆனால் பிள்ளைகள் போக மாட்டேன் என்கிறார்கள், வரிசையில் தனியாகத் தெரிய வெட்கம். இதைக் கேட்டதும் எமிலிக்கு உடம்பெல்லாம் உஷாராகிவிட்டது. இத்தனை வருஷமும் கொப்பிக்கும் பேனைக்கும் காசு சேர்த்தவளிடம் இப்போதுதான் அவளுடைய தொழிலைக் கேட்கிறார்கள். அதை என்னிடம் விடு என்றாள்.

பிள்ளைகளின் படங்களை அனுப்பவா என்று டினுஷா கேட்டாள். எமிலி பாய்ந்து விழுந்தாள். படமும் வேண்டாம், பெயரும் வேண்டாம், அளவை மட்டும் அனுப்பு என்றாள். அளவுகள் வந்தன. அந்த அளவுகளிலிருந்தே பிள்ளைகள் அவளுக்குப் பழக்கமாகிவிட்டார்கள். ஒருத்திக்குக் கை நீளம், இன்னும் வளரப் போகிறாள். ஒருத்திக்கு ஒரு தோள் மற்றதைவிட இறக்கம், அது வெளியே தெரியாதபடி வெட்ட வேண்டும். வயதுக்கு மீறிய நெஞ்சகலம் இருந்தவளை, இது தண்ணீர் சுமக்கிற பிள்ளை என்று எமிலி பார்த்த மாதிரியே சொன்னாள்.

நிறம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததில் ஆச்சரியமும் இல்லை. இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பள்ளிக்கூடச் சட்டைக்கு நிறம் என்று ஒன்று உண்டு என்பதே தோன்றாது. கொழும்பானாலும் பழுகாமமானாலும், பணக்காரப் பிள்ளையானாலும் கூலிக்காரப் பிள்ளையானாலும் வெள்ளைதான். தண்ணீர் கேட்டவரிடம் என்ன நிறத்தில் வேண்டும் என்று யார் கேட்பார்கள்?

துணி வாங்கக் காத்தான்குடிக்குப் போனாள். அங்கே நௌஷாட்டின் கடைதான் அவளுக்கு வாடிக்கை. அந்த ஊர் வெயிலுக்குச் சுத்தப் பருத்திதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று, ஒவ்வொரு சுருளிலும் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டி, உருகாமல் சாம்பலாகிறதா என்று பார்த்த பிறகுதான் சரி என்றாள். இந்த அக்கா வந்தால் கடையில் நெருப்புப் பெட்டியை ஒளித்து வைக்க வேண்டும் என்று நௌஷாட் சிரித்தார். சங்கத்தின் கையில் இருந்ததெல்லாம் அந்தத் துணியோடு தீர்ந்தது.

வெட்டுவதற்கு முன் துணியை ஊறப்போட்டுக் காயவைத்து இஸ்திரி போட்டார்கள். கழுத்துப் பட்டி, இடுப்புப் பட்டி, உள்மடிப்பில் வளர்வதற்கு விட்ட துணி என்று ஒன்றிலும் குறை வைக்கவில்லை. டிசம்பர் தொடங்கியபோது பெரிய மேசையில் சட்டைகள் அடுக்கி இருந்தன, பார்க்கவே அழகாக. டினுஷாவின் சபையைச் சேர்ந்த இளம் சிஸ்டர் ஒருவர் கிறிஸ்து பிறந்த நாளான நத்தார் முடிந்த கையோடு கொழும்பிலிருந்து சாம்பியாவுக்குப் புறப்பட இருந்தார். ஒரு பெட்டியை அவர் இவர்களுக்காகவே ஒதுக்கியிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை எல்லாரும் கூடியிருக்கும்போது எமிலி டினுஷாவை வீடியோவில் அழைத்து, ஒரு சட்டையை உதறித் தன் மார்போடு பிடித்துக் காட்டினாள். டினுஷா திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தாள். 

“அக்கா,” என்றாள் டினுஷா, “இஞ்ச பச்ச.”

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. டினுஷா தொலைபேசியைத் திருப்பி, முற்றத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த பழைய சட்டை ஒன்றைக் காட்டினாள். கரும்பச்சை. அந்தப் பள்ளிக்கூடம் முழுவதும் அந்த நிறம்தான் என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தினம் தினம் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தும், எமிலியோடு யூனிபோம் என்று பேசும்போது தன் மனதிலும் வெள்ளைதான் இருந்திருக்கிறது, அதனால்தான் சொல்லத் தோன்றவில்லை என்றாள். பிறகு தானே சமாளித்துக்கொண்டு சமாதானமும் சொன்னாள். தலைமை ஆசிரியை நல்லவர், கேட்டால் வெள்ளையைப் போட விடுவார், பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை கிடைத்தாலே பெரிய சந்தோசம்.

தொடர்பை வைத்த பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், எல்லாரும் ஒன்றையே பேசினார்கள். அனுப்பிவிடலாம். இல்லாத பிள்ளைகளுக்கு வெள்ளை என்றால் என்ன, பச்சை என்றால் என்ன? கேதீஸ்வரி ஒரு படி மேலே போய், வெள்ளை எடுப்பாகவும் இருக்கும் என்றாள். ஹெக்டரும் தலையை ஆட்டினார்.

கதை எப்படித்தான் காற்றில் போனதோ, மறுநாள் காலையிலேயே உதயரூபன் வந்து நின்றார். இந்தத் தடவை அவர் கேள்வி கேட்க வரவில்லை. கொழும்பில் ஆள் இருக்கிறது, நல்ல பச்சைத் துணி இரண்டு மூன்று நாளில் வந்து இறங்கும், செலவு முழுக்கத் தங்கள் சங்கம் பார்க்கும் என்றார். எமிலிக்கு முகம் மலர்ந்தது. அவர் இன்னும் முடிக்கவில்லை. சின்ன விஷயம்தான், பெட்டியில் ஒரு பதாகையையும் மடித்து வைத்தால் அங்கே பிள்ளைகள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அதைப் பிடித்தபடி ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும் என்றார்.

சுற்றியிருந்த பெண்கள் எமிலியைப் பார்த்தார்கள். ஒரே ஒரு படம்தானே என்பது எல்லாருடைய முகத்திலும் இருந்தது. எமிலிக்கும் அது தோன்றாமல் இல்லை. ஒரு தலையாட்டில் எல்லாம் முடிந்துவிடும். அவள் எழுந்து உள்ளே போய் உதயரூபனுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். அதைக் கையில் கொடுத்துவிட்டு, இதுவரை யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

விடுதியில் அவள் இருந்த இரண்டாம் வருஷம், வெளிநாட்டிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் பிள்ளைகளின் யூனிபோமுக்கென்று துணி அனுப்பினார். நல்ல துணிதான், ஆனால் சந்தன நிறம். வெள்ளைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று சிஸ்டர்மார் தைத்துப் போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூட முற்றத்தில் வரிசை நின்றபோது அந்த வித்தியாசம் எவ்வளவு பெரிசு என்று எமிலிக்குத் தெரிந்தது. முழு வெள்ளைக்கும் நடுவில் விடுதிப் பிள்ளைகளை மேடையில் நின்றே எண்ணலாம். யாரும் அவர்களைக் கேலி செய்யவில்லை, அடிக்கவில்லை. வந்த விருந்தாளி ஒருவருக்கு அதிபர் விரலை நீட்டி, அந்த நிறம் போட்டவர்கள்தான் அநாதைப் பிள்ளைகள் என்று காட்டினார். விருந்தாளி இறங்கி வந்து எமிலியின் கன்னத்தைத் தடவினார். அடுத்த நாளிலிருந்து வரிசை நேரத்தில் அவள் கக்கூசுக்குள் போய் ஒளிந்துகொண்டாள். வெள்ளையாகட்டும் என்று நீலத்தை அள்ளிப் போட்டுத் துவைத்ததில் சட்டை சாம்பல் பூத்ததுதான் மிச்சம். அந்தப் பள்ளித் தவணை முழுக்க இருந்த வெட்கம் இன்றைக்கும் அவள் நெஞ்சில் அப்படியே கிடக்கிறது.

“தாய் தகப்பன் இல்லயெண்டது அந்தப் புள்ளையளுக்குத் தெரியும்,” என்றாள் எமிலி. “முழுப் பள்ளிக்கூடத்துக்கும் நிறத்தால காட்டிக் குடுக்க நான் தைக்கல்ல. வெள்ளையும் போகாது, பதாகையும் போகாது. பச்சயாத்தான் போகும்.”

எப்படி என்று உதயரூபன் கேட்டார். தெரியாது என்றாள். ஆனால் அவள் சொன்ன விதத்தைக் கேட்டால் எல்லாம் தெரிந்தவள் சொன்ன மாதிரித்தான் இருந்தது.

அன்றைக்கே ஹெக்டரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி, மடியில் சட்டைப் பொதியை அணைத்துக்கொண்டு மழையில் புறப்பட்டாள். களுதாவளை தாண்டி, கல்முனைக்கும் போகாமல், மருதமுனையில் இறங்கினார்கள். கைத்தறிக்குப் பேர்போன ஊர். அங்கே றஸீனா என்பவள் தன் குடும்பத்தின் தறிகளுக்கு நூலுக்குச் சாயம் போடுகிறாள் என்று நௌஷாட் சொல்லியிருந்தார். றஸீனா எமிலியைவிட நாலைந்து வயது இளையவள், முழங்கை வரை எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாத ஊதாக் கறை. சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு முடியாது என்றாள்.

“துணி பருத்தி, சாயம் குடிக்கும் அக்கா. தைச்ச நூல் பொலியெஸ்டர், குடிக்காது. தையல் எல்லாம் வெள்ளக் கோடா நிக்கும். மடிப்புக்குள்ளயும் சாயம் ஒழுங்காப் போகாது. தூரத்தில நிண்டே சொல்லுவாங்க, சாயம் போட்ட சட்டயெண்டு.”

அப்படியானால் வழி என்ன என்று எமிலி கேட்டாள். தைத்ததையெல்லாம் அவிழ்த்துத் துணியாகக் கொண்டு வந்தால் அச்சாவாகப் போட்டுத் தரலாம் என்றாள் றஸீனா. எமிலிக்கு வாயடைத்துப் போனது. ஹெக்டருக்குக் கலியாணம் கட்டியதிலிருந்து அப்படியொரு காட்சி கிடைத்ததில்லையாம்.

அடுத்த சிக்கல், எந்தப் பச்சை? டினுஷா சட்டையைப் படமெடுத்து அனுப்பினாள். எமிலியின் தொலைபேசியில் அது ஒரு பச்சை, ஹெக்டருடையதில் வேறு பச்சை, றஸீனாவின் தொலைபேசியில் கிட்டத்தட்ட நீலம். துணித் துண்டு வந்து சேரக் காலம் இல்லை. மூன்று தொலைபேசியையும் வரிசையாக வைத்துக்கொண்டு மூன்று பேரும் முழித்தார்கள். சாயக் கொட்டிலுக்கு வெளியே மழையில் ஒரு மாமரம் நின்றது. எமிலி அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு டினுஷாவை அழைத்து, அங்கே மாமரம் உண்டா என்று கேட்டாள். இங்கே மாமரத்துக்கு என்ன குறை, பள்ளிக்கூடத்தைச் சுற்றி அதுதான் என்றாள் டினுஷா. சட்டையை எடுத்துக்கொண்டு போய் இலைகளோடு ஒட்டிப் பார் என்றாள் எமிலி. டினுஷா தளிரிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். கடைசியில், முற்றிய இலையைத் தூசு போகத் துடைத்துவிட்டுப் பிடித்தால் அச்சொட்டாக அந்த நிறம் என்று சொன்னாள். மாவிலை எந்த நாட்டிலும் மாவிலைதானே. றஸீனா தன் மரத்தில் முற்றிய இலையொன்றைப் பறித்து முந்தானையில் துடைத்து, தொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துவிட்டு, சாயத்தைக் கலக்கத் தொடங்கினாள். அவள் நனைத்துக் காட்டிய துண்டு இலைக்குப் பக்கத்தில் எது இலை எது துணி என்று கேட்க வைத்தது.

இனி அவிழ்க்க வேண்டும். தையல்காரிக்கு இதைவிடக் கசப்பான வேலை கிடையாது. பிளேட் துண்டை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, துணியில் கீறல் விழாமல், தையலைத் தையலாக அறுத்து இழுக்க வேண்டும். எமிலி பெண்களைக் கூட்டிச் சங்கதியைச் சொன்னாள். பிழை தன்னுடையது என்றும் சொன்னாள். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று இருந்தது சரி, அவர்கள் நிற்கும் வரிசையையாவது பார்த்திருக்க வேண்டும் என்றாள். கேதீஸ்வரி மடியிலிருந்த சட்டையை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

“கை நோக நோகத் தைச்சது அக்கா. உங்கட வீம்புக்கு நாங்க ஏன் கா அவிழ்க்கணும்?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அவளோடு இன்னும் இரண்டு பேர் போனார்கள்.

எமிலிக்கு அது சுருக்கென்று தைத்தது. வீம்புதானோ என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். கேட்டுக்கொண்டே அவிழ்த்தாள். மிச்சம் இருந்தவர்களும் குனிந்த தலை நிமிராமல் அவிழ்த்தார்கள். ஊர்ப் பிள்ளைகளின் வெள்ளைத் துணி ஒரு மூலையில் தைக்கப்படாமல் கிடந்தது. பொறுக்க முடியாத தாய்மார் சிலர் வந்து துணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வேறு தையல்காரரிடம் போனார்கள். எமிலி தடுக்கவில்லை. வருஷத்தின் நல்ல உழைப்பு வாசலால் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு வலிக்கத்தான் செய்தது.

றஸீனா சொன்ன சொல் தவறவில்லை. துணி பச்சையாகி, ஒரு திட்டு இல்லாமல், ஈரத்தோடு திரும்பி வந்தது. அதைக் காயவைக்கத்தான் வானம் விடவில்லை. வாவி நிறைந்து தெருவோரம் வரை தண்ணீர் நின்ற நாட்கள் அவை. வீடெல்லாம் கயிறு கட்டி, ஃபேனைப் போட்டு, கட்டிலிலும் கதிரையிலும் விரித்து வைத்தும் துணி காயவில்லை. இரண்டாம் நாள் மெல்லிய பூஞ்சண வாடை எழுந்தது. பெட்டி கொழும்புக்குப் போக வேண்டிய நாள் வந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு நாள் ஈரத்தில் கிடந்தால் துணியில் புள்ளி விழும், அதற்குப் பிறகு எந்தச் சாயத்தாலும் மறைக்க முடியாது. எமிலி அன்றைக்கு முதன்முதலாகப் பயந்தாள். வெள்ளையாகவாவது அனுப்பியிருக்கலாமோ என்று ஹெக்டரிடம் கேட்டாள். ஹெக்டர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் அதே குடையின் கீழ் கேதீஸ்வரி வந்து வாசலில் நின்றாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

“எங்கட போறணைக்கு மேல இரிக்கிற அறை சும்மாதான் கிடக்கு,” என்றாள். “விடியப் பாண் போட்ட சூடு இன்னும் அடங்கல்ல. துணியத் தாங்க. சமாதானமெல்லாம் பொறகு பேசுவம்.”

பேக்கரியில் பாண் சுடும் போறணை எரிய எரிய மேலறையில் பச்சைத் துணி வரிசையாகத் தொங்கியது. ஒரு பகல் போதுமாயிருந்தது. மொறுமொறுவென்று காய்ந்து, பாண் வாசத்தோடு இறங்கி வந்தது. அவிழ்க்க வராத கேதீஸ்வரி திரும்பத் தைக்க வந்து உட்கார்ந்தாள். அவளோடு போன இரண்டு பேரும் வந்தார்கள். ஒரே துணியை இரண்டாம் முறை தைக்கும்போது கை தானாக ஓடியது. பச்சை நூல், பச்சைப் பொத்தான், இறக்கமான தோளுக்குக் கவனமான வெட்டு. எமிலி மட்டும் கடைசியாக ஒவ்வொரு சட்டையையும் வெளிச்சத்தில் பிடித்து, பழைய தையலின் ஓட்டை எங்காவது தெரிகிறதா என்று பார்த்தாள். தெரிந்த இடங்களில் நகத்தால் வருடி நூலை நெருக்கினாள். நத்தாருக்கு அந்த வீட்டில் யாருக்கும் புது உடுப்பு இல்லை, தைக்க நேரம் இருந்தால்தானே. மறுநாள் ஹெக்டர் பெட்டியைத் தோளில் வைத்து மட்டக்களப்பில் கொழும்பு ரயிலில் ஏற்றிவிட்டு வந்தார். ரயில் பெட்டி முழுக்கப் பாண் வாசம் என்றார்.

தை மாதத்தில் ஒரு நாள், பத்து மணித் தேத்தண்ணீர் குடித்து முடிந்த நேரத்தில், டினுஷா வீடியோவில் அழைத்தாள். அங்கே அப்போதுதான் விடிந்து பள்ளிக்கூடம் கூடியிருந்தது. புதுத் தவணையின் முதல் நாள். முன்னறையில் எமிலியும் கேதீஸ்வரியும் இன்னும் சிலரும் இருந்தார்கள். உதயரூபன்கூட ஏதோ சாட்டில் வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். முகத்தைக் காட்டாதே, பின்னால் நின்று வரிசையைக் காட்டு என்றாள் எமிலி. டினுஷா முற்றத்தின் பின்பக்கம் போய்த் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தாள்.

சிவந்த மண்ணில் வரிசை வரிசையாகப் பச்சை முதுகுகள். கொடிக் கம்பத்தைப் பார்த்தபடி பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். கேதீஸ்வரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குள் விழுகிற மாதிரிக் குனிந்து தேடினாள். புதுசாகத் தெரிகிற ஒன்றைத் தொட்டு இது எங்களுடையது என்றாள், பிறகு அதன் பக்கத்தில் இருந்ததும் அப்படித்தான் தெரிகிறது என்று விட்டுவிட்டாள். தவணை தொடக்கம் என்பதால் அங்கேயும் நிறையப் பிள்ளைகள் புதுச் சட்டையில்தான் இருந்தார்கள்.

“எங்கட புள்ளையள் எது அக்கா?” என்று கடைசியில் எமிலியிடமே கேட்டாள். “நீங்க தைச்ச கழுத்த நீங்கதான் கண்டுபிடிப்பீங்க.”

எமிலி தொலைபேசியை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள். தெருவின் மறுகோடியில் போகிற சட்டையையும் தன் தையல் என்று அடையாளம் சொல்கிறவள் அவள். முதல் வரிசையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு முதுகாகப் பார்த்தாள். தோள்களைப் பார்த்தாள், கைகளைப் பார்த்தாள், கடைசி வரிசை வரை போய்த் திரும்பி வந்தாள். அக்கா, எனக்கே தெரியவில்லை, வரிசை கலைந்த பிறகுதான் தேடிப் பிடிக்க வேண்டும் என்று டினுஷா அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாகச் சொன்னாள். எமிலியின் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக்கூட அவள் மினக்கெடவில்லை. அப்படியொரு சந்தோசத்தை அவள் அதற்கு முன் அறிந்ததில்லை.

“தெரியல்ல கா,” என்று கேதீஸ்வரியைப் பார்த்துச் சொன்னாள். “ஒரு புள்ளயையும் தெரியல்ல.” அதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.